சந்தனப் பொட்டு வைத்த இன்ஜின்

படகின் பின்புறம் மாட்டும் அந்தச் சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு ஆயுத பூஜை தவறாமல் மாலை விழும். மாலை போடுகிறவர் என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன். கொள்ளிடத்தின் நடுவே, திட்டில் இருக்கிறது எங்கள் ஊர். வெள்ளம் வந்தால் தரைப்பாலம் முழுகிவிடும். அதற்காக ஊருக்கென்று வந்த படகை, "இதெல்லாம் வெவரம் தெரிஞ்சவன் கையில இருக்கணும்" என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டார். இன்ஜினைக் கழற்றித் தன் வைக்கோல் கொட்டகையில் வைத்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். மேல்மூடியை மட்டும் ஒருநாளும் திறக்கவில்லை. ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்று யாராவது கேட்டால், தன் படிப்பையே சந்தேகப்பட்டது போல முறைப்பார். படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சில காலம் இருந்தார். பெயின்ட் அடித்தார் என்று என் கணவர் சொல்வார். இன்ஜின் செக்‌ஷன் என்று மூத்தார் சொல்வார்.

மேட்டூரிலிருந்து உபரித் தண்ணீர் வந்து சேர்ந்த ஒரு காலையில், மாட்டை மேட்டுக்கு ஓட்டப்போன என் கணவரைக் கண்ணாடிவிரியன் காலில் கடித்தது. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அவரைத் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்து படகில் கிடத்தினோம். துடுப்புக்கு அடங்குகிற ஓட்டமில்லை அது. இன்ஜினைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மூத்தார் வேட்டியை மடித்துக் கட்டி, கரையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். இன்ஜின் ஒரு செருமல் கூடக் காட்டவில்லை. மறுபடி இழுத்தார். சோக்கை இழுத்துவிட்டு மறுபடி. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது.

"ஏர் புடிச்சிருக்கு" என்றார். டீசல் இன்ஜினுக்குச் சொல்வதை எங்கேயோ கேட்டிருக்கிறார்.

"மாமா, ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க. எங்க ஸ்பிரேயர் நின்னுபோனா அதைத்தான் மொதல்ல பாப்போம்."

"மருந்தடிக்கிற மெஷினும் இதுவும் ஒண்ணாம்மா? பேசாம நில்லு."

நின்றேன். அவர் பெட்ரோலைக் குறை சொன்னார். பெட்ரோல் பங்கைக் குறை சொன்னார். படகு நின்ற திசையைக் கூடக் குறை சொன்னார். கீழே அவருடைய கூடப் பிறந்த தம்பியின் கால் முழங்கால் வரை வீங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலை அவர் ஒருதரம் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தோற்றுவிடக் கூடாது என்ற கவலை மட்டுமே அந்த முகத்தில் இருந்தது. அவ்வளவு சின்ன மனுஷனை அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஓடி ஸ்பிரேயரின் ப்ளக் ஸ்பானரையும் அரிவாளையும் எடுத்துவந்தேன். "தள்ளுங்க மாமா" என்றேன். அந்த 'ங்க' பழக்கத்தில் வந்தது. மேல்மூடியைத் தூக்கியதும் உள்ளே வைக்கோல். எலி கூடு கட்டியிருந்தது. மேலே சந்தனம், உள்ளே எலிப்புழுக்கை. கூட்டை வாரி ஆற்றில் எறிந்துவிட்டு ப்ளக்கைக் கழற்றினேன்; பெட்ரோலில் ஊறிப்போயிருந்தது. அதைத் துடைத்து வைத்துவிட்டு, உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும்வரை பக்கத்து வீட்டுக்காரரைக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். பிறகு ப்ளக்கை ஒயரில் செருகி இன்ஜின் இரும்பில் ஒட்டிப் பிடித்து, இன்னொருமுறை இழுக்கச் சொன்னேன். பொறி வரவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனால், ப்ளக்கின் மேல் மாட்டும் தொப்பிக்குப் பக்கத்தில் எலி கடித்துக் குதறியிருந்தது. குதறிய நுனியை அரிவாளால் நறுக்கிவிட்டு, மிச்ச ஒயரைத் தொப்பிக்குள் திருகினேன். இந்தத் தடவை நீலமாக ஒரு பொறி பளிச்சென்று வந்தது. ப்ளக்கை முடுக்கி இழுத்தோம். இருமி, புகை கக்கி, இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"நான் ஏர் எடுத்துவிட்டேன்ல, அதான்" என்று சொல்லிக்கொண்டே மூத்தார் வந்து இன்ஜின் பிடியைப் பற்றினார். சண்டை போட நேரமில்லை. என் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உயிர் தங்கியது. கால் பழையபடி ஆகவில்லை. கணுக்காலுக்கு மேல் சதை அழுகி வெட்டி எடுத்தார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்மா" என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னபோது, மூத்தார் வராந்தாவில் யாரிடமோ வெள்ளத்தில் படகு ஓட்டிய கதையைக் கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டு, தம்பியைக் காப்பாற்றியதற்காக மூத்தாருக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்த வேண்டியவர் என் கணவர் என்று அவரே ஏற்பாடு செய்திருந்தார். தம்பி ஒரு காலை இழுத்துக்கொண்டு மேடையேறும்வரை சிரித்த முகத்தோடு கழுத்தைத் தாழ்த்திக் காத்திருந்தார். கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கைகளை மடியிலேயே வைத்திருந்தேன்.

இப்போதும் அவர் வீட்டுக்கு வந்தால் "வாங்க மாமா" என்கிறேன், காப்பி கொடுக்கிறேன். இன்ஜின் எங்கள் வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருதரம் நானே ஓட்டிப் பார்க்கிறேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று மூத்தார் ஊரில் சொல்வதாகக் கேள்வி.

சால்வை போர்த்திய அன்று வீடு திரும்பும்போது என்னால் அடக்க முடியவில்லை. "எப்படிங்க ஒங்களால அதைப் போத்த முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

என் கணவர் காலை இழுத்துக்கொண்டே நடந்தார். "விடு" என்றார். "அண்ணன்கிட்ட வேற என்னதான் இருக்கு?"

அவர் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தேன்.