மதுரைக்கு ஒரு இடம்

என் அம்மாவின் இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டை. பிறவியில் அப்படி இல்லை. அதற்கு ஒருவனை நான் பொறுப்பாக்கி வைத்திருக்கிறேன். அவன் அந்தக் காலைக் கண்ணால் பார்த்ததுகூட வெகு நாள் கழித்துத்தான். இருந்தாலும் அவன்தான்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதன்பின் போடியில் நாங்கள் இருவர்தான். விடியுமுன் தெருமுனையில் ஜீப்பு வந்து ஹாரன் அடிக்கும். அம்மா தூக்குச்சட்டியோடு ஓடுவாள். போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் செடிக்கு அடியில் குனிந்து நாள் முழுக்கக் காயெடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குவாள். அந்தக் கூலியில்தான் படித்தேன். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுர வேலைக்குத் தேர்வானபோது அவளுக்கு அது என்ன வேலை என்று புரியவில்லை.

“ஏரோப்பிளேன் ஓட்டப் போறியா?”

“இல்லம்மா. ஓட்டுறவங்களுக்கு ரேடியோவுல வழி சொல்லணும். எது முன்னாடி எறங்கணும், எது பின்னாடி ஏறணும்னு.”

“அப்ப நம்ம ஜீப்பு ஸ்டாண்டுல நிக்கிற ஆளு மாதிரின்னு சொல்லு” என்றாள். அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த வருடம் போடியிலிருந்து இன்னொருவனும் தேர்வாகியிருந்தான். ஏலக்காய் வியாபாரி ஒருவரின் மகன். பயிற்சிக் கல்லூரி வடக்கே வெகுதூரத்தில் இருந்தது. மொழி தெரியாத இடத்தில் ஊர்க்காரன் ஒருவன் இருப்பதே பெரிய துணை. வீட்டிலிருந்து வரும் முறுக்கைப் பங்கு போட்டுத் தருவான். பொம்மை ரேடார் முன்னால் உட்கார்ந்து பயிற்சி செய்யும்போது நான் திட்டு வாங்கினால், வெளியே வந்து சிரிக்க வைப்பான். நான் அவனை முழுதாக நம்பினேன்.

பயிற்சி முடியும் வாரத்தில், எந்த ஊர் வேண்டும் என்று மூன்று விமான நிலையங்களை வரிசையாக எழுதித் தரச் சொன்னார்கள். மதிப்பெண் அதிகம் எடுத்தவர்களுக்கு முதலில் கொடுப்பார்கள். அவனைவிட என் மதிப்பெண் அதிகம். எனக்கு வேண்டியது மதுரை. பணி முடிந்து பஸ்சு ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வீடு. அம்மாவை ஜீப்பில் ஏறவிடாமல் வைத்துக்கொள்ளலாம். இதை முதலில் அவனிடம்தான் சொன்னேன்.

“மதுரையில காலியிடமே இல்லப்பா” என்றான். “நான் ஆபீசுல கேட்டுட்டுத்தேன் வர்றேன். அதை எழுதி ஒண்ணை வீணாக்காத. சென்னை, திருச்சி, கோயம்புத்தூருன்னு எழுது. எப்படியும் ஒண்ணு விழுகும்.”

அப்படியே எழுதினேன். என்னைவிட அதிகம் எடுத்தவர்கள் அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காத ஊர் ஒன்று, வடகிழக்கு எல்லையில், எனக்கு விழுந்தது. அவனுக்கு மதுரை.

“எனக்கே ஆச்சரியமா இருக்கு. கடைசி நேரத்துல வந்துருக்கும் போல” என்றான், என் முகத்தைப் பார்க்காமல். நான் நேரே அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் இந்தியில் நிதானமாகச் சொன்னார்: மதுரைக்கு ஒரு இடம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, உங்கள் ஊர்ப் பையன்கூட வந்து கேட்டுவிட்டுப் போனானே.

விடுதி வாசலில் அவனை நிறுத்தினேன். “ஏன் இப்படிச் செஞ்ச?”

“உனக்கு என்னப்பா, எங்க போனாலும் சமாளிச்சுக்கிருவ. எங்கப்பாவுக்கு வயசாகுது. நான் பக்கத்துல இருக்கணும்.”

“எங்கம்மா?”

“உங்கம்மாவுக்குத்தேன் தோட்டத்து வேலை இருக்கே.”

நான் அடித்திருக்க வேண்டும். அடிக்காத அந்தக் கை பல வருடம் என்னோடு இருந்தது.

நான் போன ஊரில் பாதி நாள் மூடுபனி. அம்மாவிடம் வேலையை விடு என்று போனில் கெஞ்சுவேன். “நீ பக்கத்துல இருந்தா வீட்டுல கெடப்பேன். தனியா சொவத்தப் பாத்துட்டு உக்காரச் சொல்றியா?” என்பாள். ஜீப்பில் போய்க்கொண்டேயிருந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்தது. கூட வேலை செய்த பெண்கள் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்து, ஜீப்பில் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் அவள் அலற அலற இறக்கியிருக்கிறார்கள். போடியில் முடியாது என்று தேனிக்கு அனுப்பினார்கள். ஆபரேசனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஆள் கேட்டார்கள். கூட இருந்த பெண்கள் பயந்தார்கள். என் ஊரில் பனி. விமானம் எதுவும் எழும்பவில்லை. வேறு வழியில்லாமல் மதுரையில் இருந்த அவனைக் கூப்பிட்டேன். பழையதை எல்லாம் விழுங்கிக்கொண்டு கெஞ்சினேன்.

“கவலைப்படாத. கையில உள்ள சோலிய முடிச்சுட்டு வெரசாப் போறேன்” என்றான்.

போகவில்லை. பிறகு போனையும் எடுக்கவில்லை. அவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பி வேறு யாரையும் நான் கூப்பிடவுமில்லை. கடைசியில் பனி விலகி நான் வந்து சேர்ந்த பிறகுதான் ஆபரேசன் நடந்தது. “கொஞ்சம் முன்னாடியே செஞ்சிருந்தா கால் சரியாக் கூடியிருக்கும்” என்றார் டாக்டர்.

வருடங்கள் கழித்து எனக்கு மதுரை கிடைத்தது. அதே சமயம் அவனைக் கடலுக்கு நடுவே ஒரு தீவுக்கு மாற்றினார்கள். அங்கே போன சில மாதத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மதுரையில் இருக்கும் யாராவது சம்மதித்து இடம் மாற்றிக்கொண்டால் அவன் திரும்பலாம். நீண்ட லீவில் ஊருக்கு வந்தவன், என் விடுமுறை நாளில் போடி வீட்டுக்கு வந்தான், கையில் ஆப்பிள் பையோடு. அம்மா கதவைப் பிடித்து எழுந்து, சாய்ந்து சாய்ந்து நடந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவன் அந்தக் காலைப் பார்த்தான். டீயை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“நீங்க மனசு வைக்கணும்” என்றான். பழைய ‘நீ’ போய் ‘நீங்க’ வந்திருந்தது. “பழசெல்லாம் நீங்க மனசுல வச்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அந்த வார்த்தை வரும்வரை, முடியாது என்று சொல்லி அனுப்பிவிடத்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் கோபுரத்தில் இன்னொருவர் இடம் மாறத் தயாராக இருந்தார். அவனும் கேட்டிருந்தான், கோவாவிலிருந்து ஒருவரும் கேட்டிருந்தார். யாரிடம் சரி சொல்வது என்று அவர் இழுத்துக்கொண்டிருந்தார். இது எனக்குத் தெரியும்.

“அவரை விட்டுருங்க. அவரு புள்ளைங்க பரீட்சை முடியாம நகர மாட்டாரு. நான் வர்றேன்” என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் கும்பிட்டான். மறுநாளே அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவர் கோவாக்காரரோடு மாற்றிக்கொண்டு உத்தரவும் வாங்கிவிட்டார். அதுவரை பொறுத்திருந்து அவனுக்குப் போன் போட்டேன்.

“நான் வரலை.”

“எங்கப்பா படுத்துக் கெடக்காருங்க” என்றான்.

“எங்கம்மாவும் கெடந்தாங்க” என்றேன். போனை வைத்தேன். அன்று மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அம்மாவுக்கு ஊருக்குள்ளேயே செய்தி எட்டிவிட்டது. நான் வீட்டுக்குப் போனதும், “வேணும்னேதேன் செஞ்சியா?” என்றாள்.

“ஆமா.”

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் சற்று நிறுத்தினாள். “அந்த மனுசனைப் போயிப் பாத்துட்டு வந்தேன். ஒரு கை வரல. வாயி கோணிருச்சு. என்னைப் பாத்து அழுகிறாரு. பாவமாத்தேன் இருந்துச்சு.” மறுபடி உரிக்கத் தொடங்கினாள். “அதுக்காவ நீ போயிராத.”

லீவு முடிந்து அவன் தீவுக்குத் திரும்பிய நாளில் நான் பணியில் இருந்தேன். மதுரையிலிருந்து சென்னை போய் மாற வேண்டும். மாலை விமானத்தில் போகிறான் என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதை மாட்டியபின் எனக்கு ஊர் கிடையாது, ஆள் கிடையாது. அந்த விமானி கேட்டதும் ஓடுபாதையை ஒருமுறை பார்த்து, காற்றின் திசையைச் சொல்லி, கிளம்ப அனுமதி கொடுத்தேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அவனைத் தாமதப்படுத்த எனக்கு விருப்பமே இல்லை.

ஓடி, எழும்பி, மேற்கு மலைப்பக்கம் இருந்த வெயிலில் ஒருமுறை மின்னிவிட்டு வடக்கே திரும்பியது. புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது என் வேலை. அன்றைக்கு அதை ரசித்துச் செய்தேன்.