நீலம் அல்ல என்று எழுதிக்கொடுத்தவள்

அக்லாயா தீமொஃபியெவ்னா டிராம் ஓட்டுநரின் மகள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் குடுவையும் வரையச் சொல்லிக்கொடுத்தே ஐம்பதைத் தொட்டவள். லெனின்கிராட் முற்றுகையில் கணவன் செத்துப்போனான். மிஞ்சியது ஓர் அறையும், ஒரு நீர்வண்ணப் படத்தால் வந்த கொஞ்சம் புகழும்.

போருக்கு முந்தின வருஷம் ஊருக்கு வெளியே இருந்த அரண்மனையின் விருந்துக்கூடத்தை அவள் வரைந்திருந்தாள். பிறகு அரண்மனை எரிந்தது. கூடத்தின் நிறத்துக்கு அந்தப் படம் ஒன்றுதான் ஆதாரம். பதினேழு வருஷம் கழித்துக் கூடத்தை மறுபடி எழுப்பியபோது, படத்தைப் பார்த்து நீலம் கலக்கினார்கள். அரண்மனையின் வழிகாட்டிப் புத்தகத்தில் அவள் பேர் வரப்போகிறதென்று, சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து அறைப் பெண்கள் முட்டைக்கோஸ் பணியாரம் சுட்டுத் தந்தார்கள். அவள் தட்டை மூடி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டாள்.

எரிந்துபோன கூடத்தின் சுவர் நீலமே இல்லை. பழுக்காத நெல்லிக்காயின் பச்சை. கூடம் முழுக்கத் தங்கச் சித்திர வேலை. அதை வரைந்ததிலேயே மஞ்சள் தீர்ந்துபோனது. மறுநாள் கண்காட்சி. பச்சை கலக்க மஞ்சள் இல்லாததால், கையிலிருந்த நீலத்தைக் கொண்டே சுவரை முடித்தாள். எல்லோரும் நீலத்தைத்தான் புகழ்ந்தார்கள்.

திங்கட்கிழமை கூடம் கட்டும் இடத்துக்கே போய்ச் சொல்லிவிட்டாள். அந்த வேலையை நடத்தும் கட்டடக் கலைஞர் ரோடியன் கார்ப்பொவிச் எட்டு மாதமாக அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல. அப்புறம் புகழ்ந்துட்டாங்க."

"இப்ப எத வெச்சுப் பூசறது? உங்க ஞாபகத்த வெச்சா?"

"அதத்தான் தர முடியும்."

"ஞாபகத்த கோப்புல வைக்க முடியாது. எழுதிக் குடுங்க. படம் பொய்னு எழுதணும். புத்தகத்துல பேரு வராது, தெரியுமில்ல?"

தெரியும் என்றாள். தன் படத்தின் சுவர் தவறு என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

பூச்சு வேலை மேஸ்திரி ஃபாயினா, கலக்கிய பீப்பாய்களைக் காட்டி, "இந்த நீலத்த எங்க கொண்டு கொட்டட்டும், உங்க பள்ளிக்கூடத்துலயா?" என்றாள். ஆனாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அக்லாயா மூன்று நாள் சாரத்தில் நின்று பச்சையைத் தேடினாள். ஏழாவது மாதிரிப் பூச்சில் நிறுத்தச் சொன்னாள்.

"இதுதானா?" என்றார் ரோடியன் கார்ப்பொவிச்.

"கிட்டத்தட்ட" என்றாள் அக்லாயா. அவர் அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்.