எர்மெலிந்தாவின் பொலிகிடா

இரண்டு உள்ளங்கைகளையும் அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டுதான் எர்மெலிந்தா பட்டிக்குள் நுழைவாள். குளிர்ந்த கையால் தொட்டால் புயுவுக்குக் கோபம் வந்துவிடும். புயு அவளுடைய அல்பாகாக் கிடா; ஒட்டகச் சாதி, உடம்பெல்லாம் கம்பளி ரோமம். அல்பாகாவின் கோபம் துப்பலில் முடியும். மென்ற புல் பச்சைக் குழம்பாக வந்து முகத்தில் அப்பும். எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. கை சூடானதும் அவன் தோளில் ரோமத்தை இரண்டாகப் பிளந்து, வாயால் ஊதி, உள்ளே நெளிநெளியாக மின்னும் வெள்ளையைப் பார்ப்பாள்.

"நேத்தைக்கு இன்னிக்கு நெளிவு கூடியிருக்கு, பாத்தீரா கொழுந்தனாரே?"

நெளிவு கூடினால் ரோமத்துக்கு விலை கூடும்தான்; ஒரே ராத்திரியில் என்ன கூடிவிடும்? "ஆமா மதினி" என்று சொல்லிவிட்டு என் மந்தையை ஓட்டிக்கொண்டு போவேன்.

ஆண்டிஸ் மலையில் நாங்கள் இருக்கும் உயரத்தில் உருளைக்கிழங்குகூட விளையாது. அல்பாகா ஒன்றுதான் பிழைப்பு. அவள் மந்தையும் என் மந்தையும் ஒரே ஊற்றுச் சதுப்பில் மேய்வதால் வாரம் ஒரு சண்டை நிச்சயம். சண்டை போடும்போதும் அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். கண் சரிவில்தான் இருக்கும். நடுவில் கவணை ஒரு சுழற்று சுழற்றுவாள். தடம் விலகிப் போகிற பிராணியின் மூக்குக்கு முன்னால் கல் விழும், மேலே படாது. விட்ட வார்த்தையிலிருந்து சண்டை தொடரும். அல்பாகாக்கள் "ம்ம்" என்று முனகினால் அதே ராகத்தில் "ம்ம்" என்று பதில் கொடுப்பாள். மந்தை மொத்தமும் ஒரே இடத்தில் புழுக்கை போடுவதில் அவளுக்குத் தனிப் பெருமை.

"இதுகளுக்கு இருக்கிற ஒழுங்குல கால்வாசி எங்க வீட்டுக்காரருக்கு இருந்தா நான் ஏன் இந்தப் பாடு படுறேன்?"

வீட்டுக்காரர் சபினோ தங்கச் சுரங்கத்தில் இருக்கிறார். ஒவ்வொரு முறை வரும்போதும் இருமல் ஒரு படி கூடியிருக்கும். அவரைச் சுரங்கத்திலிருந்து பிடுங்கி வீட்டில் உட்காரவைக்கத்தான் மதினி இந்தத் தொழிலைத் தொடங்கினாள். கறுப்பு, பழுப்பு, சாம்பல் என்று பிறந்ததையெல்லாம் எங்களைப்போல் வளர்த்துக்கொண்டிருந்தவள், நிறமுள்ளவற்றை ஊருக்குள் மாற்றிக்கொடுத்து வெள்ளைப் பெட்டைகளாகச் சேர்த்தாள். கம்பளி ஆலைக்காரர்கள் வெள்ளையைத்தான் கேட்கிறார்கள். அவளுடைய கறுப்புகள் இரண்டு என்னிடம் வந்தன. இன்றைக்கும் காலையில் அவள் பட்டி வாசலில் போய்த்தான் நிற்கும்.

"மந்தையில ஒரு கறுப்பாவது வேணும் மதினி, இல்லேன்னா கண்ணு பட்டுரும்."

"கண்ணு போடத்தான் நீரு பக்கத்திலேயே இருக்கீரே!"

அந்த வெள்ளைகளில் பிறந்தவன்தான் புயு. எங்கள் பேச்சில் மேகம் என்று பொருள். மாவட்டக் கண்காட்சியில் அவனுக்கு ரிப்பன் விழுந்தால் சுற்றுவட்டாரமே பெட்டைகளை அவனிடம் பொலிக்கு ஓட்டிவரும். அந்த வரும்படியில் குடும்பம் நடக்கும். சபினோ சுரங்கத்தைத் தலைமுழுகிவிடலாம்.

இதற்காக மதினி இங்கே யாரும் செய்யாத காரியம் ஒன்று செய்தாள். கார்னிவல் திருநாளில் மந்தையின் காதுகளில் நூல் குஞ்சம் கட்டி, முதுகில் செம்மண் குழைத்துப் பூசுவது எங்கள் வழக்கம். "இந்த மண்ணு பட்டது எந்த மலைக்குப் போனாலும் பொழுதுசாயப் பட்டிக்கு வந்துரும்" என்று ஒவ்வொன்றின் காதிலும் சொல்லித்தான் பூசுவாள். இந்த வருஷம் புயுவை மட்டும் வீட்டுக்குப் பின்னால் கட்டிப்போட்டுவிட்டாள். ரோமத்தில் பொட்டுச் சாயம் இருந்தாலும் கண்காட்சியில் கழித்துவிடுவார்கள்.

"ரிப்பன் விழட்டும், அப்புறம் ரெண்டு பங்காப் பூசுறேன். அவருகிட்ட மட்டும் சொல்லிராதேயும், மனசு சங்கடப்படுவாரு."

திருநாளுக்குச் சபினோவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கண்காட்சியன்று காலை, புயுவைக் கம்பத்தில் கட்டிவிட்டு இரண்டு பேரும் சூடாக சூப் குடிக்கப் போனோம். திரும்பி வந்தால், சுரங்கத்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்த சபினோ அண்ணன் நிற்கிறார். வாயெல்லாம் சிரிப்பு, கையெல்லாம் சிவப்பு.

"என்ன புள்ள, எல்லாத்துக்கும் பூசிட்டு இவன விட்டுட்டியே? நல்லவேளை, திருநாளுக்கு வாங்கின மண்ணு என் பையிலேயே கெடந்துச்சு."

புயுவின் முதுகு, கழுத்திலிருந்து வால்வரை செக்கச்செவேல் என்றிருந்தது. மதினி அவனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். "நல்லாருக்கு" என்றாள்.

நடுவர் வந்து ரோமத்தைப் பிளந்தார். தன் விரலைப் பார்த்தார். "சாயம் பட்டதுக்கு மார்க் போட முடியாதும்மா" என்று விரலைத் துடைத்துக்கொண்டே அடுத்த கிடாவிடம் போய்விட்டார்.

சபினோ நடுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியாகத் தன் கையைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லியிருந்தா பூசாம இருந்திருப்பீரா?"

அவர் யோசித்தார். "இருந்திருக்க மாட்டேன்தான்."

எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். அதைக் கேட்டுக்கொண்டு யாரால் கோபமாக நிற்க முடியும்?

பிற்பகல் பஸ்ஸில் அவர் சுரங்கத்துக்குத் திரும்ப வேண்டும். இனி அடுத்த கண்காட்சி வரைக்கும் அங்கேதான். பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் புயு நின்றான். டிரைவர் ஹாரன் அடித்ததும் மதினி அவர் பையை வாங்கித் துழாவி, மிச்சமிருந்த செம்மண் பொட்டலத்தை எடுத்தாள்.

"திரும்பி நில்லும்."

"எதுக்கு?"

"நில்லும்னா நில்லும்."

உள்ளங்கைகளை அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டாள். மண்ணில் எச்சில் துப்பிக் குழைத்தாள். டிரைவர் இன்னொரு தடவை ஹாரன் அடிக்க, அவருடைய ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிடரியிலிருந்து இடுப்புவரை முதுகில் அழுத்திப் பூசினாள்.