புள்ளி தொலைந்த சீட்டு

மருத்துவமனையின் மருந்துக் கவுண்ட்டரில் புட்டிகளுக்குச் சீட்டு அச்சடித்து ஒட்டுகிறவளைச் சீட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், எழுத்துக்கூட்டிப் படித்தே கம்ப்யூட்டரைப் பழகிக்கொண்டவள். ஒவ்வொரு சீட்டும் வெளியே வரும்போது, குணமாகட்டும் கடவுளே என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டுத்தான் ஒட்டுவாள். மருந்து பாதி, உன் முணுமுணுப்பு பாதி என்று மருந்தாளுநர் கேலி செய்வார்.

அன்று அதைச் சொல்ல வாயெடுத்தவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கைக்குழந்தையின் காய்ச்சல் மருந்துக்கு அச்சாகி வந்த சீட்டில், வேளைக்கு 25 மில்லி என்று இருந்தது. அவள் அடித்தது 2.5. திரையிலும் 2.5தான். மறுபடி அச்சடித்துப் பார்த்தாள். மறுபடியும் 25.

காலையிலிருந்து போனவை பெரும்பாலும் மாத்திரைகள், முழு எண்கள். ஒன்றே ஒன்றைத் தவிர. அரை மணி நேரத்துக்கு முன் ஒரு தகப்பன் வாங்கிப்போன இருமல் மருந்து. அதுவும் இரண்டரைதான். கூட்டம் நெருக்கியதால் சரியாகப் பாராமல் ஒட்டிக் கொடுத்திருந்தாள்.

தகப்பன் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் இன்னும் பஸ் ஏறாமல் இருப்பானோ என்று மருந்தாளுநர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்.

மாடியிலிருந்து கம்ப்யூட்டர்க்காரர் இறங்கி வந்தார். நேற்று சாயங்காலம் புதுக் கம்ப்யூட்டரைப் போட்டவர், அவளுடைய தம்பி வயது. அப்போதே சோதித்துப் பார்த்ததாகச் சாதித்தார். கட்டளைகளை அடிக்கும் கருப்பு ஜன்னலைத் திரையில் திறந்து, சீட்டு அச்சடிக்கும் நிரலின் பெயரை அதில் அடித்துக் கிளப்பினார். சீட்டு 2.5 என்றே வந்தது. நிம்மதியாக அவளைப் பார்த்தார். அவள், திரையில் தான் தினமும் தட்டும் சின்னப் படத்தைத் தட்டி, அதே நிரலைத் திறந்து அச்சடித்தாள். 25. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரின் அமைப்புகளைத் தேடினார்.

மெஷின் வேறொரு நாட்டு எண் வழக்கத்தோடு வந்திருந்தது. அங்கே பின்னத்துக்குக் கமா போடுவார்களாம், புள்ளியைக் கண்டுகொள்ள மாட்டார்களாம். அதை மாற்றும் வரியை, கருப்பு ஜன்னல் மட்டும் படிக்கும் இடத்தில் எழுதிவிட்டார்.

"நீங்க படத்தைத் தட்டினா நிரலைக் கிளப்பி அனுப்புறது டெஸ்க்டாப்தான், அக்கா. அது தாய், நிரல் புள்ள. தாய் கட்டிக் குடுத்த மூட்டையோடதானே புள்ள வெளிய போகும்? தாய்கிட்ட நான் சொல்லவே இல்ல," என்றார் அவர்.

அப்போது போன் அடித்தது. அந்தத் தகப்பன்தான்.

"மூடியில பத்துக்கு மேல கோடே இல்லக்கா. இருபத்தஞ்சுன்னா ரெண்டு மூடி நிறைய ஊத்தி அப்புறம் பாதியான்னு வீட்டுல ஒரே சண்டை."

"குடுத்துட்டீங்களா?"

"ஊத்தி வச்சிருக்கு. புள்ள வாயத் தொறக்க மாட்டேங்குறான்."

"தொறக்கவே வேணாம் தம்பி. கீழ கொட்டிடுங்க. புட்டியோட இங்க வாங்க."

போனை வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து தனியாகத் திரும்பி வந்த மருந்தாளுநரிடம் விஷயத்தைச் சொன்னாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர்க்காரர் அந்த வரியை, டெஸ்க்டாப் எழும்போது படிக்கும் இடத்துக்கு மாற்றினார். எழுதினால் மட்டும் போதாதாம். இப்போது திறந்திருக்கும் டெஸ்க்டாப் காலையில் பழைய வழக்கத்தோடு எழுந்தது, அது அனுப்பும் எதுவும் பழையதையே சுமந்து போகுமாம். எல்லாவற்றையும் மூடி, வெளியேறி, மறுபடி உள்ளே வந்தார்கள். அவரே தட்டப் போனார். அவள் விடவில்லை. தன் கையால் படத்தைத் தட்டி, இரண்டரை, அரை, ஏழரை என்று அச்சடித்துப் பார்த்தாள். புள்ளி இருந்தது. இருந்தும் மனசு ஆறவில்லை.

தகப்பன் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். பிள்ளை இருமிக்கொண்டே தூங்கினான். பழைய சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். புட்டியைக் கையில் கொடுக்காமல் அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எவ்வளவுன்னு நீங்களே வாய்விட்டுப் படிங்க தம்பி."

"ரெண்டரை," என்றான்.

"இன்னொரு தடவ."