அலமாரியில் ஒளித்த பால்மாவு

தவமணிதேவி குளுவாங் நகரில் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். யார் எந்தத் தாளை நீட்டினாலும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஓய்வு பெற்று, தம்போயில் இருக்கும் மகன் ஜீவன் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு புரட்டிப் பார்க்கத் தாள் இல்லை. மருமகள் பிரேமளா இருந்தாள்.

தைராய்டு குறைவு அவருக்குப் பழைய வியாதி. போன வருடம் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. எலும்பு தேய்ந்துவிட்டது என்றார்கள். அடுத்தது இடுப்பு என்றால், படுக்கையில் கிடந்து எல்லாவற்றுக்கும் பிரேமளாவின் கையை எதிர்பார்க்க வேண்டும். அந்தப் பயம் அவரை அரித்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பிரேமளா காலைப் பாலை நிறுத்தினாள். எலும்புக்கென்று வாங்கிய கால்சியம் பால்மாவு டின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

"தைராய்டு மாத்திரை போட்டா நாலு மணி நேரத்துக்குப் பால் கூடாதாம் மாமி. பதினொரு மணிக்குத் தர்றேன்."

"யார் சொன்னா?"

"ஃபார்மசில சொன்னாங்க லா."

எழுத்தில் இருக்கிறதா? இல்லை. பிறகு எப்படி நம்புவது? தவமணி தனியாக ஒரு பால்மாவு டின் வாங்கி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்தார். காலையில் பிரேமளா எடுத்துவைக்கும் மாத்திரையை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மாவைக் கெட்டியாகக் கரைத்த பாலோடு விழுங்கினார். தன் எலும்பைத் தான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்!

மூன்று மாதத்தில் முடி கொட்டியது, உடம்பு கனத்தது. மருந்தே சாப்பிடாதவருக்கு வருவது போல ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தவமணிக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. மாத்திரையை மாற்றுகிறாள் பாவி!

அன்று சாயங்காலம், மருமகளை வைத்துக்கொண்டே மகனிடம் சொன்னார். "உன் பொண்டாட்டி குடுக்கிறது என் மாத்திரை இல்ல, ஜீவன்."

பிரேமளா மறுநாள் மாத்திரைப் பெட்டியையே கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். "இனி நீங்களே எடுத்துக்குங்க மாமி. நான் தொடமாட்டேன்."

குற்றம் செய்தவள்தான் இப்படி முறுக்கிக்கொள்வாள். அவள் முன்தினம் தந்த மாத்திரையை விழுங்காமல் சாட்சிக்குக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார் தவமணி. அதையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஃபார்மசிக்குப் போனார்.

மருந்தாளர் சபீதா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். "ஒரே மாத்திரைதான் ஆன்ட்டி. எதோட சாப்பிடுறீங்க?"

"கால்சியம் பால்ல. கெட்டியா." பெருமையாகவே சொன்னார்.

"அலமாக்!" சபீதா தலையில் கை வைத்தாள். "பாலோட போட்டா மாத்திரை உடம்புல சரியா சேராதே. வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. பாலும் எலும்புக்கு வேணும், ஆனா நாலு மணி நேரம் கழிச்சு. உங்க மருமக ரெண்டு தடவை வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனாங்க, சொல்லலையா?"

சொன்னாள். சொல்லத்தான் செய்தாள். தவமணிக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

வீடு திரும்பியபோது மணி பதினொன்று. மேசையில் மூடி வைத்த பால் சூடாக இருந்தது.

"தொடமாட்டேன்னு சொன்னியே?"

"மாத்திரையைத்தான் சொன்னேன்."

தவமணி அலமாரியிலிருந்து டின்னை எடுத்துவந்து பெட்டியோடு மேசையில் வைத்தார். "பிழை என்னோடதுதான், பிள்ளை."

பிரேமளா டின்னைப் பார்த்தாள். கண் கலங்கியது. பெட்டியை மட்டும் தொடவில்லை. "என்கிட்டச் சொல்லி என்ன மாமி? சொன்ன இடத்துல சொல்லுங்க."

முப்பது வருடம் ஊரார் பிழையையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவர் அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டார்.

"ஜீவன், மாத்திரை சரிதான். உன் பொண்டாட்டி மேல அபாண்டமாப் பழி போட்டது நான்."

பிரேமளா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.