பல் விழுந்த பிறகுதான் எழுத்து

பிள்ளைகளை அவசரமில்லாமல் வளர்ப்பது எப்படி என்று அந்தப் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

காலையில் மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு பாட்டு. அப்புறம் வட்டமாக நின்று கைதட்டி ஆடணும். வீட்டில் நானும் என் மகளும் இரண்டே பேர், வட்டத்துக்கு எங்கே போவது? அடுத்து ஈரத் தாளில் வண்ணம். தாள் காய்வதற்குள் மாவு பிசைந்தாகணும், மாவு உப்புவதற்குள் கம்பளி நூல் சுற்றியாகணும். எல்லாம் நிதானமாக நடக்கணும் என்று எழுதியிருந்தது. நிதானமாக நடப்பதற்காக நான் வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்தேன்.

வால்டோர்ஃப் முறை என்று அதற்குப் பெயர். உத்தமபாளையத்தில் அதைக் கேள்விப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் கிடையாது. நானே போனில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அதற்கு முன்னால் ஒரு ஸ்கூலில் யுகேஜி டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் நாலு கோடு நோட்டில் எழுதி எழுதி, விரல் வலித்து, நோட்டின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போகும். எழுப்பி எழுதவைப்பது என் வேலை. என் மகளை இன்னொருத்தி அப்படி எழுப்பக் கூடாது. அதற்காகத்தான் வேலையை விட்டுவிட்டு, அவளை எங்கேயும் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி, வாரத்தில் பாதி நாள் குமுளிப் பக்கம் இருப்பார். "ஒன் இஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

அக்டோபர் மாதம் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிவந்து மேஜையில் அடுக்கச் சொல்லியிருந்தது. சிவப்பு, மஞ்சள், பழுப்பு. நம்ம ஊரில் அக்டோபரில் கொட்டுவது மழை. எந்த மரம் இலையை உதிர்க்கும்? விட்டேனா நான்? சின்னமனூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடப்பதாகக் கேள்விப்பட்டு, தூறலில் மகளை ஸ்கூட்டியில் வைத்துக் கூட்டிப்போனேன். வெட்டிப்போட்ட கொடிகளிலிருந்து கொஞ்சம் பழுத்த இலையாகப் பார்த்துப் பொறுக்கினோம். தோட்டக்காரர் குடையோடு வந்து, "ஆட்டுக்காம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

இதெல்லாம் போகட்டும். பெரிய விதி ஒன்று இருந்தது. பால்பல் விழத் தொடங்கும் வரை பிள்ளைக்கு எழுத்தே காட்டக் கூடாது. எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். பருப்பு டப்பாக்களில் இருந்த லேபிளையெல்லாம் கிழித்தேன். சுவரில் இருந்த காலண்டரை பீரோவுக்குள் தொங்கவிட்டேன். கதை எல்லாம் வாயால்தான், புத்தகம் கிடையாது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவள், சாயங்காலமானால் அவளுக்கு முக்காடு போட்டு, தெருக்கோடி மதரஸாவுக்கு ஓத அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஐந்து வயதானால் எல்லாப் பிள்ளைகளும் போவதுதான். அது ஓதுவது, படிப்பு வேறு. அங்கேயும் எழுத்துத்தானே என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வீட்டில் வேறு யாருக்கும்கூடத் தோன்றவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் கம்பத்திலிருந்து பெரிய நாத்தனார் வந்தார். சோறு போடும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஆறு முடியப்போவுது. அவ வயசுப் பிள்ளைகெல்லாம் பேப்பர் வாசிக்குதுக. பொம்பளப் பிள்ளைய எழுத்து தெரியாம வச்சிருக்காகளேன்னு எல்லாரும் கேக்காக. நான் என்னன்னு சொல்ல?"

"பல்லு விழட்டும்னு பாக்குறேன்" என்றேன்.

"எழுத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தம்பியைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் ரசத்தைக் குடித்தார். பிறகு என்னிடம், "ஜூன் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வாசிச்சுட்டான்னா இங்கனயே இருக்கட்டும். இல்லன்னா ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துருவோம். இதுக்கு மேல என்னால பதில் சொல்ல முடியாது" என்றார்.

அன்றைக்குப் போன தூக்கம்தான். காலையில் எழுந்ததும் முதல் வேலை, அவள் வாய்க்குள் விரலை விட்டுக் கீழ்ப்பல்லை ஆட்டிப் பார்ப்பது. அது பாறை மாதிரி இருந்தது. கொய்யாக்காய் கொடுத்தேன், கரும்பு கொடுத்தேன். ஒன்றும் அசையவில்லை. மே மாதம் பாதி போனதும் என் விதியை நானே தூக்கிப் போட்டேன். எழுத்தைப் படத்திலிருந்து பிறக்கவைக்கணுமாம். இங்கிலீஷ்காரர்களுக்கு இரட்டை மலையை வரைந்தால் 'M' வந்துவிடுகிறது. எங்கள் மாடியில் நின்றால் தெரிகிற மேகமலையை எப்படித் திருப்பி வரைந்தாலும் 'ம' வரவில்லை. வேர்த்து ஊற்றியது. கடைசியில் மலையை அழித்துவிட்டு வெறும் 'ம'வைப் போட்டு, "சொல்லு, ம" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "பல்லு இன்னும் விழலயேம்மா."

எனக்கு வந்த கோபத்துக்குச் சாக்கட்டியை உடைத்துப் போட்டேன். ஒரு வருஷமாக யார் சொல்லிக்கொடுத்தது அதை?

மே கடைசியில் நாத்தனார் மறுபடி வந்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரரும் வீட்டில் இருந்தார். கூடவே ஸ்கூல் பை, தண்ணி பாட்டில் எல்லாம் வாங்கி வந்திருந்தார். நான் தலையைத் தூக்காமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. ஹாலில் மகள் வண்ணத் தாள்களை எடுத்து அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, ஓதுற எழுத்துல்ல? படத்துக்குப் பின்னாடியெல்லாம் எழுதி வச்சிருக்கா" என்று நாத்தனார் குரல் கேட்டது. "ஆனா வாசிச்சா ஒண்ணும் புரியலயே."

கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். மெழுகு வண்ணக்கட்டியால் வலமிருந்து இடமாக எழுதியிருந்தாள். அலிஃப், மீம், மீம், அலிஃப். அரபியில் அப்படி ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தின் சத்தத்தையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அம்மா.

அடுத்த தாளில் 'மழை' இருந்தது. அதற்கடுத்து 'வீடு'. 'ழ'வுக்கும் 'டு'வுக்கும் அரபியில் எழுத்து கிடையாது, அதனால் அரபி 'ல'வுக்கும் 'த'வுக்கும் கீழே ஒவ்வொரு புள்ளியைத் தானாகவே வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் தமிழை இப்படி அரபி எழுத்தில் எழுதியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. தமிழ் எழுத்தை நான் ஒளித்துவைத்தேன், இவள் கையில் இருந்ததை வைத்து எழுதிவிட்டாள்.

"வாசி" என்றார் அவள் அத்தா. ஒவ்வொரு தாளாகத் தடுமாறாமல் வாசித்தாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடி ஆத்தி, எழுத்து தெரியாத பிள்ளையா இது?" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி, ஒன் பிள்ள இங்கனயே இருக்கட்டும். பைய கடையில திருப்பிக் குடுத்துருவோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் தாளை எடு, வண்ணத்தை எடு, இன்னும் ஒன்று எழுதிக் காட்டு என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன். ஃபேனைப் போட்டேன். அவளுடைய அத்தைக்கு மோர் எடுக்க மறுபடி உள்ளே ஓடித் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்திருந்தாள்.

"நீயே வாசி தங்கம், சத்தமா" என்றேன்.

விரல் வைத்து, வலமிருந்து இடமாக வாசித்தாள். "அம்மா, கொஞ்சம் உக்காரு."

நாத்தனார் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மகள் நிமிர்ந்து, சரியாக வாசித்தோமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோர் டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நாளைக்கு என்ன பாட்டு, ஜூனுக்கு என்ன கதை என்று எனக்குள் ஓடத் தொடங்கியிருந்தது. என் முழங்கால் தானாக ஆடியது. அவள் அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.