சாய்மனைச் சைக்கிளில் வல்லை வெளி

1. ஆட்டுக்கு வழிவிட்டது

அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தில் சேர்ந்து மூன்றாம் வருடம், புத்தூர்ச் சந்தியில் ஓர் ஆட்டுக்கு வழிவிடப்போய்ச் சைக்கிளோடு கல்லில் விழுந்தேன். ஆடு தப்பி ஓடிவிட்டது. என் முள்ளந்தண்டின் அடி எலும்பு வெடித்துவிட்டது. நடக்கலாம், படுக்கலாம், சைக்கிள் சீற்றில் மட்டும் குந்த முடியாது.

எங்கள் வேலையில் சைக்கிள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒரு ஊரில் குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்தினால், எட்டாம் நாள் அதே ஊருக்குத் திரும்பப் போய், குத்தின இடத்தில் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எழும்பாத பிள்ளைக்கு அன்றே மறுபடி குத்து. பிந்திப் போனால் கொப்புளம் உடைந்து, எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்று தெரியாமல் போகும்.

எங்கள் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், ஆனால் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

"தம்பி, ஒரு மாதம் பாப்பன். நெல்லியடிப் பக்கத்து எட்டாம் நாள் ஒண்டு தவறினாலும் வேறை ஆளைப் போடவேண்டி வரும். பிறகு என்னைக் கோவியாதையும்."

வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். என் சம்பளத்தைத் தவிர வேறு வரும்படி இல்லை. உண்மையாகவே பயந்துபோனேன்.

சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த செல்லத்துரை அண்ணைதான் வழி சொன்னார். "படுத்துக்கொண்டு ஓடுற சைக்கிள் ஒண்டு பிரான்சிலை இருக்காம். இங்கிலீசுப் பேப்பரிலை படம் பாத்தனான். செய்து பாப்பமே?" இரண்டு பழைய பிரேம்களை வெட்டி ஒட்டினார். நடுவில், முதுகைச் சாய்த்துப் படுக்கச் சாய்மனைக் கதிரை மாதிரிப் பிரம்பு பின்னினார். பெடலை முன்சில்லுக்கும் முன்னால் வைத்து, இரண்டு செயினைச் சேர்த்து ஒன்றாக்கினார். முதல் நாள் சந்தை வழியாகப் போனபோது வெங்காயம் விற்ற ஒரு மனிசி, "ஐயோ, பிரேதம் தானே மிதிச்சுக்கொண்டு போகுது!" என்று கத்தினாள். சந்தையே சிரித்தது. எலும்பு நோகவில்லை, ஆகவே நானும் சிரித்தேன்.

2. எண்ணெய் பூசியது

எலும்பு விட்ட நோவைக் காலும் தோலும் பிடித்துக்கொண்டன.

மல்லாந்து ஓடுபவனுக்கு வெயில் நேரே முகத்திலும் முழங்காலிலும் கணைக்காலிலும் அடிக்கும். காலையில் கிழக்கே நெல்லியடிக்குப் போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே. மாலையில் மேற்கே திரும்பும்போதும் அவர் அங்கேதான் நிற்பார். வழியிலுள்ள வல்லை வெளி என்ற பொட்டல் நிலத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. உத்தியோகக் காற்சட்டையோ முழங்காலுக்கு மேலே. கால்கள் உயரத்தில் இருப்பதால் பெடலிலிருந்து வழுகிக்கொண்டே இருக்கும். வழுகாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடிப்பேன். இரண்டு மைல் போகமுன் உள்ளங்கால் எரியும், பிறகு விரல்கள் விறைத்துவிடும்.

எங்கள் ஆட்களுக்கு எந்த நோவுக்கும் நல்லெண்ணெய்தான் முதல் மருந்து. நானும் முகத்திலும் காலிலும் தாராளமாகப் பூசிக்கொண்டு ஒரு வைகாசிக் காலையில் புறப்பட்டேன். அன்று நெல்லியடிக்கு எட்டாம் நாள். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரும் அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார்.

வல்லை வெளி முடிகிற இடத்தில், பனைகள் தொடங்கும் பக்கமாக, இரண்டு காலும் பிரட்டிப் பிடித்தது. சைக்கிளோடு சரிந்தேன். கணைக்கால் இரண்டும் சிவந்து கொப்பளித்திருந்தன. எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்து, வெட்கத்தை விட்டு அழுதேன்.

காலைக் கள்ளு இறக்கிக்கொண்டு பனையிலிருந்து வந்த மார்க்கண்டு என்பவர் ஓடிவந்து என்னைத் தூக்கி நிழலில் இருத்தினார். இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வருவதையும் என் வேலை போகப்போவதையும் அவரிடம் சொன்னேன். அவருடைய மனைவி பொன்னி என் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன நயினார் பூசினனீங்கள்?" பனை ஏறுபவர்கள் எங்கள் சாதி ஆட்களை அப்படித்தான் கூப்பிடவேண்டியிருந்தது.

"நல்லெண்ணெய்."

"எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலிலை படுத்தால் அப்பளம் மாதிரிப் பொரியாதோ?"

எண்ணெயைத் துடைத்து, நுங்குத் தண்ணீரைத் தடவினார். அந்தக் குளிர்ச்சியை இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு பழஞ்சேலையைக் கிழித்து, நனைத்து, முழங்காலிலிருந்து கீழே தளர்வாகச் சுற்றிக் கட்டினார். "காயக் காய நனையுங்கோ," என்று ஒரு முட்டித் தண்ணீரும் தந்தார். மார்க்கண்டு தன் ஓலைத்தொப்பியை என் நெற்றிவரை சரித்து வைத்தார்.

பிறகு அவர் சைக்கிளைச் சுற்றிவந்து பெடலைப் பார்த்தார்.

"நயினார், நீங்கள் காலாலை பிடிக்கிறியள். கால் மிதிக்கத்தான். பிடிக்கிறதை நார் பாத்துக்கொள்ளும்."

பனை ஏறும்போது கால்களில் மாட்டும் தளைநாரைக் கழற்றி, இரண்டாக அறுத்து, பெடல் ஒவ்வொன்றிலும் குதிக்கால் தாங்க ஒரு வளையம் கட்டினார். அன்று மாலை அவர் மரம் ஏற வேறு நார் திரிக்கவேண்டியிருந்திருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

3. நான்தான் என்றது

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னரே நெல்லியடியில் நின்றேன். விரல் விறைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பிள்ளைகளின் கைகளையும் பார்த்தார், என் சைக்கிளையும் பார்த்தார்.

"கெட்டிக்கார வேலை. ஆர் உந்த நாரைக் கட்டினது?"

"நான்தான் ஐயா."

எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது? கள்ளுச் சீவுபவர் என் காலைப் பிடித்துக் கட்டினார் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை மறைத்து எழுதிப் பயனில்லை. "இனி உம்மடை வேலைக்குப் பயமில்லை," என்றார் இன்ஸ்பெக்டர். நான் பிள்ளைகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மார்க்கண்டு வழியில் காத்து நின்றார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா நாரைப் பாத்துக் கேட்டவரோ?"

"கேட்டவர். நான்தான் கட்டினனான் எண்டு சொல்லிப்போட்டன்."

மார்க்கண்டு சைக்கிளின் பெடலைப் பார்த்தார். பிறகு, "வேலை தப்பிச்சுதோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப காலை நீட்டுங்கோ. இடக்கால் நார் இளகிக் கிடக்கு."

குனிந்து இறுக்கிக் கட்டினார். அவர் இரண்டு வசவு வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் கந்தோரில் இன்ஸ்பெக்டரின் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு, "எனக்கு நேற்றைக்கே தெரியும். உமக்குச் சப்பாத்துக் கயிறே ஒழுங்காய்க் கட்டத் தெரியாது," என்றார். பிறகு சிரிக்காமல், "நாலு பேருக்கு முன்னாலை சொன்ன பொய்யை என்ரை அறைக்குள்ளை வந்து திருத்திறீர்," என்றார்.

அடுத்த எட்டாம் நாள் அதே நெல்லியடியில், பிள்ளைகளோடு நின்ற தாய்மாருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் முன்னால், யாரும் கேட்காமலே மார்க்கண்டுவின் பெயரையும் பொன்னியின் பெயரையும் சொன்னேன். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டுக்கு நான் மூன்று தரம் நடக்கவேண்டி வந்தது. நடந்தேன்.

வெளியூர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வெயிலில் எண்ணெய் பூசாதீர்கள், ஈரத்துணி சுற்றுங்கள். விரலை மடக்காமல் மிதியுங்கள். உங்கள் காலைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால், கேட்ட இடத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் எட்டு நாள் பிந்திச் சொன்னேன்.